தள்ளுபடிக்குக் காத்திருந்த டிஸ்க்

கம்ப்யூட்டருக்கான எஸ்.எஸ்.டி. டிஸ்கில் புது மாடல் சந்தைக்கு வந்த மறுநாளே பழையது பாதி விலைக்கு விழுந்துவிடும் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. தீபாவளிக்கு மறுநாள் காலையில் கடையில் மிச்சம் கிடக்கும் சங்குச்சக்கரத்துக்கு என்ன கதியோ, அதே கதிதான் உலகத்தில் உள்ள எல்லா டிரைவுக்கும் என்று ஓர் ஆளை எதிரே உட்கார வைத்து விளக்கும் அளவுக்கு நம்பினேன். விளக்கவும் செய்தேன். பாவம், அவனும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

இதில் என் ஊருக்கும் பங்கு உண்டு. சிவகாசியில் என் பிழைப்பில் பாதி பட்டாசு விலைப்பட்டியல் வடிவமைப்பது, மீதி காலண்டர். விலைப்பட்டியலில் ஒவ்வொரு பெட்டிக்கும் நேரே ஒரு விலை போடுவோம். அந்த விலைக்கு அந்தப் பெட்டியை யாரும் இதுவரை வாங்கியதில்லை. பட்டியலின் தலைமாட்டில் கொட்டை எழுத்தில் முக்கால்வாசிக்கு மேல் தள்ளுபடி என்று போட்டிருக்கும். அது போகத்தான் நிஜ விலை. பின்னால் இறக்க வேண்டும் என்பதற்காகவே முன்னால் ஏற்றிவைப்பது. ஏற்றுவதும் இறக்குவதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் இந்தக் கைதான். இப்படியே காலம் தள்ளியவனுக்கு அச்சில் எந்த விலையைப் பார்த்தாலும் நம்பிக்கை வராது. ஆஸ்பத்திரி பில்லைக் கையில் கொடுத்தாலும் தள்ளுபடி எங்கே போட்டிருக்கிறது என்று மேலேதான் தேடுவேன்.

தலையாட்டியவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். காரியாபட்டிப் பக்கம் ஊர். பள்ளி முடிந்ததும் சிவகாசிக்கு வந்து ஓர் அச்சகத்தில் ஆப்செட் மிஷினில் ஏறியவன், ஐம்பதை நெருங்கும்போதுதான் இறங்கினான். இறங்கியது சொந்தமாகக் காலண்டர் கம்பெனி ஆரம்பிக்க. 'கம்பெனி' என்று சொன்னாலும் அது அவனும் அவனுடைய பைக்கும்தான். அச்சுக்குப் பழைய முதலாளியிடமே கொடுத்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

ஆனால் அவனிடம் ஒரு யோசனை இருந்தது. நாங்கள் எல்லோரும் அடித்துத் தள்ளும் காலண்டரில் அதே முருகன், அதே லட்சுமி, அதே பனிமலை. மல்லாங்கிணறு பலசரக்குக் கடையில் தொங்குவதும் மும்பையில் தொங்குவதும் ஒரே படம். இவன் கேட்டான்: அந்தந்த ஊர்க் கடைக்காரனுக்கு அவனவன் ஊர்ச் சாமியையே காலண்டரில் போட்டுக் கொடுத்தால் என்ன? அய்யனார், கருப்பசாமி, எல்லைக் காளி, இவர்களை எல்லாம் மாசி, பங்குனியில் அந்தந்த ஊர்க் கோயிலில் பொங்கல் வைக்கும் நாளில் அலங்காரத்தோடு பார்க்க வேண்டும். மாலையும் சந்தனமும் புதுப்பட்டும் போட்டு, வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அந்தச் சாமிகள் அப்படி நிற்கும். அதைப் படம் எடுத்து ஆல்பம் ஆக்க வேண்டும்.

எங்கள் தொழிலில் ஆல்பம்தான் எல்லாம். வரப்போகும் வருடத்துக் காலண்டர் படங்களை எல்லாம் ஒரு கட்டாகத் தைத்து, ஆடிப் பதினெட்டு அன்று பூஜை போட்டு வெளியிடுவோம். ஏஜெண்டுகள் அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு கடைகடையாகப் போய் ஆர்டர் எடுப்பார்கள். ஆடிப் பதினெட்டில் ஆல்பம் கையில் இல்லாதவனுக்கு அந்த வருடம் சீசன் இல்லை. ஏஜெண்டின் பையில் வேறொருவன் ஆல்பம் ஏறிவிடும்.

மாசியிலிருந்து அவன் ஊர் ஊராகப் போனான். கேமராவில் ஒரே ஒரு சின்ன மெமரி கார்டு. ஓர் ஊர்ப் பொங்கலை எடுத்தால் கார்டு நிறைந்துவிடும். நேரே என் வடிவமைப்பு அறைக்கு வருவான். என் பழைய ஹார்டு டிஸ்கில் படங்களைக் கொட்டுவேன். கார்டைக் காலி பண்ணிக் கொடுப்பேன். அடுத்த ஊருக்குப் போய்விடுவான். அப்படித்தான் பங்குனி முழுக்க ஓடியது. அவன் மிஷினை விட்டு இறங்கியதன் அர்த்தம் முழுவதும் என் மேஜைமேல் இருந்த கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது. வேறெங்கும் இல்லை.

அந்தப் பெட்டிக்கும் வயசாகிவிட்டது. உள்ளே தட்டு சுற்றுகிற பழைய வகை. அதில் படத்தைத் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். எஸ்.எஸ்.டி. என்பதில் சுற்றுவதற்கு எதுவும் கிடையாது, வெறும் சில்லு. சட்டென்று திறக்கும், சத்தம் வராது. அதில் ஒன்று வாங்கி, படங்களை இரண்டு இடத்தில் வைத்துவிடலாம் என்று அவன்தான் முதலில் சொன்னான்.

"ஏலே, புது டிஸ்க் ஒன்னு வாங்கிப் போட்ருவமா? உம் பொட்டி ரொம்ப மொனங்குதே. எதுன்னு நீ சொல்லு, நான் வாங்கியாறேன்."

"மொனங்கட்டும்லே. சித்திரைல புதுசு எறங்குது. அது எறங்குன மறுநா இப்ப இருக்க மாடல் அம்புட்டும் பாதி வெலைக்கு வந்துரும்."

"எவன் சொன்னான்?"

"உள்ளுக்குள்ள இருந்து தகவல் கசிஞ்சிருக்கு."

"யாரு உள்ள? உனக்கு அங்கன யாரைத் தெரியும்?"

எனக்கு அங்கே யாரையும் தெரியாது. எனக்குத் தெரிந்தவர் கைப்பேசியில் வருகிற ஒரு மனிதர். இருட்டு அறையில் முகத்தின் பாதியில் நீல விளக்கு அடிக்க உட்கார்ந்துகொண்டு, "இது இன்னும் உறுதியாகாத தகவல்தான், ஆனாலும்" என்று ஆரம்பிப்பார். அந்த 'ஆனாலும்' என்ற சொல்லில் நான் விழுந்துகொண்டே இருந்தேன். புதுசு இரண்டு மடங்கு வேகம், ஆனாலும் அதே விலை. நகத்தளவு சில்லுக்குள் அடுக்குமேல் அடுக்காக மாடி கட்டிவிட்டார்கள், ஆனாலும் சூடாகாது. இதை எங்கள் வடிவமைப்பாளர்கள் வாட்சப் குழுவில் நான் தட்டிவிடுவேன். அங்கே ஒருவர் அதில் கொஞ்சம் சேர்ப்பார். இன்னொருவர் தன் மச்சினர் பெங்களூரில் இருப்பதைச் சேர்ப்பார். அது சுற்றிவிட்டு என்னிடமே திரும்பி வரும்போது, "பார்த்தியா, எல்லாரும் சொல்றாக" என்று எனக்கு இன்னும் உறுதியாகிவிடும்.

எங்கள் ஊரில் வதந்தி என்பது தண்ணீர் மாதிரி அன்றாடத் தேவை. இந்த வருடம் பட்டாசுக்குத் தடை வருமாம், வராதாம், பேப்பர் ரேட் ஏறுமாம், வடக்கே ஆர்டர் நின்றுபோச்சாம். டீக்கடையில் கிளாஸ் கழுவுவதற்குள் நாலு வதந்தி கைமாறிவிடும். அதில் எது பொய், எது மெய் என்று பிரிக்கத் தெரிந்தவன் என்று எனக்கு என்மேல் ஒரு மரியாதை இருந்தது.

சித்திரை வந்தது. புதுசு வரவில்லை. வைகாசி என்றார் நீல விளக்குக்காரர். வைகாசி பிறந்ததும் நான் விருதுநகருக்கு பஸ் ஏறினேன், சாமான் பார்க்கிற சாக்கில் பரோட்டாவும் சாப்பிட்டு வரலாம் என்று. அங்கே பஜாரில் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கும் பாய் எனக்குப் பல வருடப் பழக்கம். அவர் ஒரு டிரைவை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். விலை சொன்னார். நான் சிரித்தேன்.

"பாய், தள்ளுபடி போக எம்புட்டு?"

"அண்ணாச்சி, இது பட்டாசு இல்ல. இதான் வெல."

"புதுசு வரட்டும், நீங்களே கூப்பிட்டுக் குடுப்பீக."

"புதுச விடுங்க. இருக்கதே ஏறப்போகுதுன்னு சொல்றாக. ஏ.ஐ. கம்பெனிக்காரக சிப்பு அம்புட்டையும் மொத்தமா அள்ளிட்டுப் போறாகளாம். எனக்கு அடுத்த லோடு எந்த வெலைக்கு வரும்னு தெரியல. இன்னிக்கே எடுத்துட்டுப் போயிருங்க."

நான் பரோட்டாவின் திருப்தியில் நாற்காலியில் சாய்ந்தேன். "பாய், இதே வசனத்தை நான் எத்தன வருசமா அடிச்சுக் குடுத்திருக்கேன் தெரியுமா? 'மூலப்பொருள் தட்டுப்பாடு, விலை ஏறும், முந்துங்கள்.' செகப்பு எழுத்து, மஞ்சப் பட்டை."

"அது நீங்க அடிச்ச நோட்டீசு. இது எனக்கு மெட்ராஸ்ல இருந்து லோடு குடுக்குற ஆளு சொன்னது."

"அவரு எந்த ஊருல நோட்டீசு அடிக்கிறாராம்?"

பாய் டிரைவை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார். கோபம் இல்லை. "உங்க இஷ்டம், அண்ணாச்சி," என்றார். இரண்டு வதந்திகள் என் முன்னால் வந்தன. விலை விழும் என்பது ஒன்று, ஏறும் என்பது ஒன்று. பொய்யை மடியில் கட்டிக்கொண்டு, மெய்யைக் கிண்டல் பண்ணிவிட்டு, வெற்றி பெற்றவனாக நான் பஸ் ஏறினேன்.

வைகாசிக் கடைசியில் பெட்டி முனகுவதை நிறுத்தியது. அதற்குப் பதிலாக 'டிக், டிக்' என்று ஆரம்பித்தது. உள்ளே யாரோ உட்கார்ந்து நகம் வெட்டுகிற மாதிரி. அப்போதும் நான் பாயைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டுப் பார்த்தேன், விலை கேட்க. ஏறியிருந்தது. ஏற்றத்தைக் கேட்டதும் என் சிவகாசி மூளை இன்னும் உற்சாகமாகிவிட்டது. ஏற்றுகிறார்கள் என்றால் இறக்கப் போகிறார்கள் என்றுதானே அர்த்தம்!

டிக் டிக் நிற்காததால் பயம் வேறு வழியில் வேலை செய்தது. பட்டாசு ஃபேக்டரியில் மருந்து அறைக்குள் போகும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் உள்ள கரண்ட் இறங்கிவிடும். நிலை மின்சாரத்தால் டிஸ்க் சாகும் என்று குழுவில் ஒருவர் போட்டிருந்தார். நான் ஒரு செம்புத் தகட்டை வாங்கி என் அறை வாசலில் ஆணியடித்து மண்ணுக்குள் ஒயர் இறக்கினேன். விலைப்பட்டியலில் திருத்தம் சொல்ல வந்த கஸ்டமர்கள் எல்லாம் செருப்பைக் கழற்றி, தகட்டைத் தொட்டு, பவ்யமாக உள்ளே வந்தார்கள். ஒருவர் தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் தடுக்கவில்லை.

ஆனியில் ஒருநாள் காலை பெட்டியைப் போட்டால், கம்ப்யூட்டருக்கு அது தெரியவே இல்லை. டிக் டிக் மட்டும் கேட்கிறது. ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. நண்பன் அன்றைக்கு ஆல்பத்துக்கு அட்டை பார்க்கப் போயிருந்தான். அவனிடம் சொல்வதற்கு முன்னால் சரி பண்ணிவிடலாம் என்று நினைத்து, பாயிடம் போகாமல், கைப்பேசியிடம் போனேன். அங்கே ஒரு வீடியோ. செத்த டிஸ்கைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால், உள்ளே இரும்பு சுருங்கி, கொஞ்ச நேரம் உயிர் வரும், அதற்குள் படங்களை எடுத்துக்கொள்ளலாம். கீழே பலர் கும்பிடு போட்டிருந்தார்கள். நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மதியம் சமையலறையிலிருந்து என் மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, ஃபிரீசர்ல என்னத்தையோ கவர்ல கட்டி வச்சிருக்கீகளே, என்ன அது?"

"சாமி."

"என்னது?"

"அவன் எடுத்த ஊர்ச் சாமி அம்புட்டும் அதுக்குள்ளதான் இருக்கு. தொடாத."

பிறகு பாத்திரம் உருள்கிற சத்தம். எட்டிப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்த கறியை எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"கருப்பசாமிக்குக் கறி ஆகும். அய்யனாருக்கு ஆகாது. ரெண்டு பேரும் ஒரே பொட்டிலயா இருக்காக?"

"ஒரே பொட்டிதான்."

"அப்ப கறிய இன்னிக்கே வச்சிருவோம். ஏங்க, கோட்டி புடிச்சிருச்சா உங்களுக்கு? விருதுநகர் பாய்ட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

கேட்கவில்லை. கேட்டால் வாங்கு என்பார். வாங்கினால் நான் சொன்னதெல்லாம் தப்பு என்றாகிவிடும். இதை நான் அப்போது யோசித்ததாகச் சொன்னால் பொய். இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

சாயங்காலம் எடுத்தேன். ஆனி மாதத்துச் சிவகாசி வெயிலில், ஃப்ரீசரில் இருந்து வந்த பொருள் மேஜையில் உட்கார்ந்தவுடன் வியர்த்தது. துடைத்தேன். மறுபடி வியர்த்தது. ஒயரைச் செருகினேன். சுற்றியது. திரையில் ஃபோல்டர்கள் வந்தன: மல்லாங்கிணறு, ஆலங்குளம் பக்கத்து ஊர்கள், காரியாபட்டிப் பக்கத்துக் குக்கிராமங்கள், அவன் ஒவ்வொரு முறை வந்தபோதும் நான் என் கையால் பேர் போட்டவை. நான் சத்தமாகச் சிரித்தேன். முதல் ஃபோல்டரைக் கம்ப்யூட்டருக்குள் இழுத்தேன். பாதி வந்திருக்கும். உள்ளே ஆட்டுக்கல்லில் மண் விழுந்தது போல ஒரு சத்தம் வந்தது. பிறகு டிக் டிக்கூட இல்லை. கம்ப்யூட்டர், எந்தப் பெட்டியையும் நான் பார்க்கவில்லையே என்கிற மாதிரி, நிர்மலமாக இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் விருதுநகர். பாய் பெட்டியைக் கையில் வாங்கி, காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"எதுல வச்சிருந்தீக? உள்ள ஈரம் இருக்க மாதிரி இருக்கு."

நான் பஜாரில் போகிற லாரியைப் பார்த்தேன்.

"அண்ணாச்சி."

"ஃபிரிட்ஜுல."

பாய் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவர் கடைப் பையனிடம் டீ சொல்லிவிட்டு, மதுரையில் டிஸ்கைப் பிரித்துத் தகவல் எடுக்கிற ஒருவரின் விலாசத்தை என்னிடம் சொன்னார். "டிக் டிக் கேட்ட அன்னிக்கே நிறுத்தி எடுத்துட்டு வந்திருந்தா முக்கால்வாசி வந்திருக்கும். இனி அல்லா விட்ட வழி," என்றார்.

அங்கிருந்தே மதுரைக்குப் போய்ப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் மத்தியானம் நண்பன் என் அறைக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றி, செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தான். கையில் ஆல்பத்துக்கான அட்டை. கருநீல அட்டையில் தங்க எழுத்தில் அவன் கம்பெனி பேர் அழுத்தியிருந்தது. மேஜையில் வைத்துவிட்டு ஓரத்தைத் துடைத்தான்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்குலே." எந்த நேரத்திலும் ஒரு கேலியைக் கைவசம் வைத்திருக்கிற எனக்கு, அன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை. "ஏலே, டிஸ்க் போயிருச்சு."

"வேற ஒன்னு வாங்கிக்கிருவோம். வெல எறங்கிருச்சா?"

"எறங்கல. படமும் அதுலதான் போயிருச்சு."

அவன் பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தான். அங்கே தூசியில் ஒரு சதுரம் மட்டும் இருந்தது. பாயின் கடை, மதுரை, ஃப்ரீசர் எல்லாவற்றையும் சொன்னேன். செம்புத் தகட்டைப் பற்றிக்கூடச் சொன்னேன், அது என்னமோ எனக்குச் சாதகமான சாட்சி மாதிரி.

"அப்ப எல்லாச் சாமியுமா?"

"மதுரைல பாத்துச் சொல்றேன்னாக. கொஞ்சம் வரலாம்."

"மெமரி கார்டுல..."

"நாந்தானலே காலி பண்ணிக் குடுத்தேன்."

அவன் அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "பங்குனிப் பொங்கலுக்கு இன்னும் எம்புட்டு மாசம் இருக்கு?" என்று கேட்டான். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அடுத்த பங்குனி, இந்த ஆடிக்கு முன்னால் வராது.

"நான் அன்னிக்கே கேட்டேன்லலே," என்றான். திட்டவில்லை. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். அவன் திட்டியிருந்தால் நான் ஏதாவது ஜோக் சொல்லித் தப்பித்திருப்பேன்.

மதுரையிலிருந்து முழுதாக வந்தவை பங்குனி முதல் வாரத்துக்கு முந்தைய படங்கள்தான் பெரும்பாலும். மற்றவற்றைத் திறந்தால், கருப்பசாமிக்கு மீசைவரைக்கும் இருக்கும், அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அரிவாளைக் காணோம். காளிக்குக் கிரீடம் மட்டும். நண்பன் அலங்காரம் இல்லாத நாளில் போய் அவசரமாக எடுத்துப் பார்த்தான். வெயிலில் சாமி காய்ந்து நின்றது. எந்தக் கடைக்காரனும் அதைச் சுவரில் மாட்டமாட்டான்.

முழுதாகக் கிடைத்த காரியாபட்டிப் பக்கத்து ஊர்களை முன்னால் வைத்து, மீதிக்கு என்னிடம் இருந்த பொதுவான முருகனையும் லட்சுமியையும் பனிமலையையும் போட்டு ஆல்பத்தைத் தைத்தோம். ஆடிப் பதினெட்டுக்குப் பூஜை போட்டோம். தங்க எழுத்து அட்டையில் அவன்தான் சந்தனம் வைத்தான். வந்த ஏஜெண்டுகள் முதல் தாள்களை மெதுவாகப் புரட்டினார்கள். "அட, நம்ம ஊருல்ல" என்று ஒருவர் கைப்பேசியில் படமும் எடுத்தார். பனிமலை வந்ததும் விரல்கள் வேகமாகிவிட்டன. மல்லாங்கிணற்றுக்காரர் கடைசித் தாள்வரை போய்விட்டு, திரும்ப முதல் தாளுக்கு வந்தார்.

"எங்க ஊரு சாமிய எடுத்தீகன்னு சொன்னாகளே, எங்க?"

"அடுத்த வருசம் வரும்ணே," என்றான் அவன். என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப அடுத்த வருசம் பாப்போம்," என்றார் அவர்.

விருதுநகர் பாயிடம் இரண்டு டிரைவ் வாங்கினேன். வைகாசியில் அவர் கண்ணாடி மேஜைமேல் வைத்த அதே மாடல், அன்றைக்குச் சொன்னதைவிடக் கூடுதல் விலை. தள்ளுபடி கேட்கவில்லை. இப்போது எல்லாப் படமும் இரண்டு இடத்தில் இருக்கிறது. புதுசு, நான் இதை எழுதுகிற இன்றுவரை எங்கள் பக்கம் கடைக்கு வரவில்லை. வந்துகொண்டே இருப்பதாக நீல விளக்குக்காரர் சொல்கிறார். குழுவில் இருந்து நான் விலகிவிட்டேன். அவரை மட்டும் இன்னும் பார்க்கிறேன்.

ஆர்டர் வந்தது, காரியாபட்டிப் பக்கம் சில கடைகளில் இருந்து மட்டும். அதை வைத்து ஒரு கம்பெனி நிற்காது. ஆவணியில் என் நண்பன் பழைய அச்சகத்துக்கே போய் மறுபடி மிஷினில் ஏறினான்.